முகம் என்ன சுவரா, வெள்ளையடிக்க?

மேனாம்பேட்டில் யாராவது காலமாகிவிட்டால் மறுநாள் காலையில் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிடுகிறார்கள். இப்போதெல்லாம் அதிலுள்ள பெயரைப் படித்த பிறகுதான் இறந்தவர் யார் என்றே எனக்குத் தெரிகிறது. முகத்தை வைத்துச் சொல்ல முடிவதில்லை. எஸ்டேட்டில் முப்பது வருஷம் உலை முன்னால் நின்று கறுத்த மனிதர், பேனரில் ரோஜாப்பூ நிறத்தில் சிரிக்கிறார். நெற்றிச் சுருக்கம் இல்லை, கன்னத்துத் தழும்பு இல்லை. காதோர நரை மட்டும் எப்படியோ தப்பித்திருக்கிறது. கண்புரை வந்துவிட்டதோ என்று யாரும் டாக்டரிடம் ஓட வேண்டாம். நம் கண்ணில் கோளாறு இல்லை.

கோளாறு படம் எடுத்தவரிடமும் அதைத் 'திருத்திய'வரிடமும் இருக்கிறது. இதைப் பற்றிச் சண்டை போடத்தான் இன்று உட்கார்ந்தேன். கறுத்த முகத்தைக் கறுத்த முகமாகவே, கண்ணும் மூக்கும் தெளிவாக, அழகாகப் படத்தில் கொண்டுவர முடியும். அதற்கான வழியை 80 வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்துவிட்டார். அதைக் கற்றுக்கொள்ளச் சோம்பல்பட்டவர்கள் பிடித்த குறுக்குவழிதான் இந்த வெள்ளையடிப்பு.

முதலில் கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் என்ற ஆசாமியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். தோசைக்கல்லை வெயிலில் வைத்து, படம் முழுக்க அது மட்டுமே தெரிகிற மாதிரி கிட்டத்தில் போய் ஒரு படம் எடுங்கள். பிறகு அதே இடத்தில் சலவை வேட்டியை மடித்து வைத்து, அதே மாதிரி ஒரு படம். கேமராவை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். கறுப்பான தோசைக்கல் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெள்ளை வேட்டியும் அழுக்குச் சாம்பலாக இருக்கும்.

காரணம் எளிது. மீட்டருக்கு எதிரில் இருப்பது கல்லா, துணியா, மாமியாரா என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எதிரில் எது இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொள். தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் நிறத்தைத்தான் கோடக் கம்பெனி அட்டையாக அச்சடித்து உலகம் முழுக்க விற்றது. நம் கல்யாணத் தரகர்கள் 'மாநிறம்' என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். மீட்டர் ஒரு கல்யாணத் தரகர். யாரைக் காட்டினாலும் மாநிறம் என்றே எழுதிக்கொள்வார்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் வேலை பார்த்த இடத்தில் அளவுக் கருவிகளோடுதான் எனக்குப் பிழைப்பு. கருவி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கேட்கத் தெரியாதவன் கையில் அது வெறும் இரும்பு. கேமரா மீட்டரும் அப்படித்தான். 'இவ்வளவு வெளிச்சம் வருகிறது' என்று அது சொல்லும். 'இது வேட்டி, இதை வெள்ளையாக வை; இது கறுத்த முகம், இதை அதன் இடத்தில் வை' என்று சொல்ல வேண்டியது படம் எடுப்பவர்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கும். ரிட்டயர் ஆன அன்று எடுத்த குரூப் போட்டோவைப் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். டன்லப்போ, டி.ஐ. சைக்கிளோ, ஆவடி டாங்கி பாக்டரியோ, எங்கே வேலை பார்த்திருந்தாலும் சரி. முன்வரிசையில் நாற்காலி, கழுத்தில் மாலை, எல்லோரும் வெள்ளைச் சட்டை. சட்டைகள் பிரமாதமாக வந்திருக்கும், பட்டன்கூட எண்ணலாம். காலருக்கு மேலே வரிசையாகக் கரிக்கட்டைகள். மேனேஜர் ஒருவர் சிவப்பாக இருந்திருந்தால் அவர் முகம் மட்டும் தெரியும். நாற்பது வெள்ளைச் சட்டையைப் பார்த்த மீட்டர், 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்' என்று வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. சட்டையைக் காப்பாற்ற மனிதர்களைப் பலி கொடுத்தாகிவிட்டது.

இனி அந்த 80 வருஷத்து வழிக்கு வருகிறேன். ஆன்சல் ஆடம்ஸ் என்று ஓர் அமெரிக்கர். பியானோ வாசிப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்ள நினைத்து, கடைசியில் மலைகளைப் படம் எடுப்பதில் பேர் வாங்கியவர். 1984-இல் காலமானார். அவரும் பிரெட் ஆர்ச்சர் என்ற இன்னொருவரும் 1939, 40 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு கலைப் பள்ளியில் பாடம் நடத்தும்போது வகுத்த முறைக்கு ஜோன் சிஸ்டம் என்று பெயர். மண்டல முறை என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்குப் 'படி' என்ற சொல்தான் பிடிக்கும், மாடிப்படியை மாதிரி ஏறி இறங்குவதால்.

கும்மிருட்டு 0. ஒன்றுமே தெரியாத வெள்ளை 10. நடுவில் 5-ஆம் படி நம் தரகருடைய மாநிறம். ஒரு படி மேலே ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பு, ஒரு படி இறங்கினால் பாதி. கேமராக்காரர்கள் ஸ்டாப் என்று சொல்வது இந்த ஒரு படியைத்தான். 3-ஆம் படியில் கறுப்புத் துணியின் மடிப்பு தெரியும். 2-இல் மடிப்பு ஏறக்குறைய மறையும். 7-இல் வெள்ளைத் துணியின் நெசவு தெரியும். 8-இல் வெள்ளை என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் ஜரிகை மினுக்கு, விளக்குச் சுடர். வெள்ளைக்காரர்களுடைய முகத்துக்கு 6-ஆம் படி என்று ஆடம்ஸ் எழுதினார். அது அவர் ஊர். நம் ஊருக்கு நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நம் பேச்சிலேயே அந்த அளவுகோல் இருக்கிறது. சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று மூன்று சொல் வைத்திருக்கிறோமே, அவை 6, 5, 4. எந்த அமெரிக்கரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு முகூர்த்தப் பந்தலில் நில்லுங்கள். மாப்பிள்ளை நல்ல கறுப்பு, வெள்ளை வேட்டி சட்டை. வேட்டி தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுத்த முகம் ஏறக்குறைய 10 சதவீதம். எட்டு மடங்கு வித்தியாசம், அதாவது மூன்று படி. இந்த மூன்று படி இடைவெளியை யாராலும் மாற்ற முடியாது. அது பருத்திக்கும் தோலுக்கும் உள்ள கணக்கு. ஆனால் அந்த மூன்று படியைப் படிக்கட்டில் எங்கே வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

வேட்டியை அளந்து அப்படியே எடுத்தால் வேட்டி 5-இல் உட்காரும், முகம் 2-க்குப் போய்விடும். அதுதான் கரிக்கட்டை. முகத்தை அளந்து அப்படியே எடுத்தால் முகம் 5-க்கு ஏறும், வேட்டி 8-இல் போய் வெளுத்துப்போகும். மாப்பிள்ளை தன் நிறத்தைவிட ஒரு படி வெளுத்துத் தெரிவார். முகத்தை அளந்துவிட்டு ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். முகம் 4-இல், வேட்டி 7-இல். முகம் அவருடைய முகம், வேட்டியில் நெசவு தெரியும், ஜரிகை மின்னும். உதாரணத்துக்கு, முகத்தின் மேல் அளந்தபோது 60-இல் ஒரு பங்கு நொடிக்கு 2.8 என்று மீட்டர் சொன்னால், 4-இல் வைத்து எடுக்க வேண்டும். இந்த ஒரு திருகலுக்குத்தான் இத்தனை புராணம். இந்த ஒரு திருகல் தெரியாததால்தான் பிறகு கம்ப்யூட்டரில் இரண்டு நாள் வெள்ளையடிக்கிறார்கள்.

முகத்தை மட்டும் அளப்பதற்கு ஸ்பாட் மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. பென்டாக்ஸ், மினோல்டா கம்பெனிகள் செய்தவை பேர் போனவை. துப்பாக்கி மாதிரி பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் அளக்கும். ஒரே ஒரு டிகிரி. பத்தடி தூரத்தில் நின்றால் இரண்டங்குல இடம், அதாவது ஒரு கன்னம். நம் சம்பளத்தில் அதை வாங்க முடிந்ததில்லை என்பது வேறு கதை. கருவி இல்லாதவர்கள் கேமராவோடு ஓரடி தூரத்துக்குப் போய், கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்து அளந்துவிட்டுத் திரும்பி வருவோம். மாப்பிள்ளைத் தோழன் ஒரு மாதிரியாகப் பார்ப்பான். பார்க்கட்டும். இன்றைக்கு நல்ல டிஜிட்டல் கேமராவில் ஸ்பாட் மீட்டரிங் உள்ளேயே இருக்கிறது, ஒரு பொத்தானைத் திருப்பினால் போதும். திருப்பிய கைகளைத்தான் காணோம்.

அதுவும் வேண்டாம் என்றால் உள்ளங்கை இருக்கிறது. கறுப்போ சிவப்போ, நம் எல்லோருக்கும் உள்ளங்கை வெளுப்பு. நிறத்துக்கு நிறம் அதிகம் மாறாது. ஏறக்குறைய மாநிறத்துக்கு ஒரு படி மேல். படம் எடுக்கப்போகிறவர் மேல் விழுகிற அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள். கை 6-இல் உட்காரும். மற்றதெல்லாம் தத்தம் படியில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், கறுத்த முகம் 4-இல், வேட்டி 7-இல். காசு செலவில்லாத மீட்டர். பேட்டரியும் தீராது.

"அதெல்லாம் மலையை எடுக்கிறவனுக்கு, பெரிய பெட்டி கேமராக்காரனுக்கு" என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. ஆடம்ஸ் ஒவ்வொரு பிலிமையும் தனித்தனியாகக் கழுவினார். எந்தப் படத்துக்கு எவ்வளவு நேரம் கழுவினால் வெள்ளை அடங்கும் என்பதெல்லாம் அவர் முறையின் இரண்டாவது பாதி. முப்பத்தாறு படமும் ஒரே சுருளில் இருக்கும்போது அது நமக்குச் சரிப்படவில்லை. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்த 'இந்து' சுருளைப் போட்டு எடுத்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் முதல் பாதி, எதை எந்தப் படியில் வைக்கிறேன் என்று தீர்மானித்துவிட்டுப் பொத்தானை அமுக்குவது, அதற்குப் பெட்டி கேமராவும் வேண்டாம், பிலிமும் வேண்டாம். டிஜிட்டலுக்கும் அது செல்லும். பிலிமில் இருட்டுப் போய்விடாமல் பார்த்துக்கொண்டோம், டிஜிட்டலில் வெள்ளை போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"இப்போதைய கேமரா எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த வாதம். 1983-இல் நிகான் எஃப்.ஏ. என்ற கேமரா வந்தபோதிலிருந்து இதைச் சொல்கிறார்கள். காட்சியைப் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அளந்து, மூளையைப் போட்டுக் கணக்குப் பார்க்கும் முதல் கேமரா அது. கெட்டிக்காரக் கேமராதான். ஆனாலும் தன் எதிரில் இருக்கும் முகம் எந்த நிறத்தில் பிறந்தது என்பதை அது எப்படி அறியும்? முகத்தைக் கண்டுபிடிக்கிற கேமராக்கள் வந்துவிட்டன. கண்டுபிடித்து என்ன செய்கின்றன? முகத்தைத் தூக்கி மாநிறத்தில் வைக்கின்றன. தரகர் மாறினார், வரி மாறவில்லை.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பழைய ஸ்டூடியோக்காரர்களும் திருத்தினார்கள். நெகட்டிவை ஒளிப்பெட்டி மேல் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு வேலை செய்வார்கள். நெகட்டிவில் பென்சில் படும் இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு மங்கும், கண்ணுக்குக் கீழே குழி குறையும். அதற்குக் கை வேண்டும், பொறுமை வேண்டும். கொஞ்சம் கூடினால் முகம் மாவு பூசின மாதிரி ஆகிவிடும் என்ற பயம் வேண்டும். இன்றைக்கு ஒரு கோட்டை இப்படி இழுத்தால் முகம் மொத்தமும் வெளுக்கிறது. பயம் போய்விட்டது.

அதே ஸ்டூடியோக்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்பும் பவுடர் டப்பாவும் கயிறு கட்டித் தொங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பவுடர் டப்பாவோடு எனக்குத் தீராத பகை. ஏன் என்று சொல்கிறேன். வெளுத்த தோலில் முகத்தின் மேடு பள்ளத்தைக் காட்டுவது நிழல். கறுத்த தோலில் அதைக் காட்டுவது மினுக்கு. கருவறையில் எண்ணெய்க் காப்பு சாற்றிய கருங்கல் பெருமாளை நினைத்துக்கொள்ளுங்கள். தீபத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோகும்போது முதலில் நெற்றி, பிறகு மூக்கு, கன்னம், தாடை என்று ஒவ்வொன்றாக மின்னி முகம் உருவாகிறதல்லவா? கல் கறுப்பாகவே இருக்கிறது, மினுக்கு அதன்மேல் ஓடுகிறது. பவுடர் போட்டால் அந்த மினுக்குச் செத்துப்போகும். அதன்பின் நேர் எதிரிலிருந்து ஒரு ப்ளாஷ் அடித்தால் முகம் தட்டு மாதிரி ஆகிவிடும். பவுடரைத் துடைத்துவிட்டு, ஆளைத் திண்ணையில் வாசலைப் பக்கவாட்டில் பார்த்து உட்கார வைத்து, காலை எட்டு மணி வெளிச்சத்தில் எடுங்கள். மேனாம்பேட்டில் திண்ணைகள் குறைந்துவிட்டன, ஜன்னல் போதும். முகத்தில் மினுக்கு 6-இலும் 7-இலும் இருக்கும், தோல் 4-இல் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அழகு. கறுப்புப் பெருமாளை வெள்ளையாக்கு என்று யாரும் பட்டரிடம் கேட்டதில்லை. (காலண்டர்காரர்கள் நீலம் பூசித் தப்பித்துக்கொண்டார்கள்.)

இது நடக்காத காரியம் என்பவர்கள் 'முள்ளும் மலரும்' படத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். 1978. மகேந்திரன் இயக்கம், பாலு மகேந்திரா கேமரா. ரஜினிகாந்துக்கு அதில் காளி என்று பெயர். பெயரிலேயே கறுப்பு. அந்தக் கறுப்பை பாலு மகேந்திரா எங்கேயும் மறைக்கவில்லை, எங்கேயும் தொலைக்கவும் இல்லை. மலைப் பகுதியின் இயற்கை வெளிச்சத்தில் முகத்தின் ஒவ்வொரு தசையும் தெரிகிறது. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு வந்தவர் அவர். பத்து வருஷம் கழித்து 'வீடு' எடுத்தபோது கதாநாயகி அர்ச்சனா. கறுத்த பெண், ஒப்பனை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம்தான். அந்தப் படத்துக்காக அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நம்மூர் நிறத்தை நம்மூர் வெளிச்சத்தில் எப்படி எடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

காளி நடித்து 29 வருஷம் கழித்து, 2007-இல், அதே நடிகர் 'சிவாஜி' படத்தில் வெள்ளையாக முயல்கிறார். நகைச்சுவையாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பாட்டில் கம்ப்யூட்டர் துணையோடு அவருக்கு வெள்ளைக்காரத் தோலே போர்த்திவிட்டார்கள். சிறப்புக் காட்சிகளுக்காக அந்தப் படத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. தொழில்நுட்பமாக அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்ததை இன்றைக்கு ஒவ்வொரு தெருமுனைக் கடையிலும் முப்பது ரூபாய்க்குச் செய்கிறார்கள். நகைச்சுவை என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பழியெல்லாம் தெருமுனைக் கடைக்காரர் மேல் போடுவதும் சரியில்லை. கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு, 1950-களின் நடுவிலிருந்தே, கோடக் கம்பெனி ஓர் அளவுப் படம் அனுப்பிவந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் மிஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் பெண்ணின் பெயர் ஷெர்லி என்பதால் அதற்கு ஷெர்லி கார்டு என்றே பெயர் வந்துவிட்டது. கறுத்த முகங்கள் சரியாக வரவில்லை என்று ஜனங்கள் சொன்னபோது கம்பெனி பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை' என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள் என்று அந்தக் கம்பெனியில் இருந்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். மேசைக்கும் சாக்லேட்டுக்கும் கிடைத்த மரியாதை! கூகுள் கம்பெனி 2021-இல்தான் தன் ஃபோனில் பலவகை நிறத்துத் தோலையும் உள்ளபடி காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்தது. நம்மூரில் 1975-இல் வந்த சிவப்பழகு க்ரீம், 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுக்க 2020 ஆனது. ஆகவே கடைக்காரர் ஒருவரே குற்றவாளி இல்லை. ஆனால் ஷெர்லியின் காலம் போய்விட்டது. இனி அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணம் சமீபத்தில் நடந்தது. படம் எடுத்தவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. நாலு கேமரா, பறக்கும் கேமரா ஒன்று, இரண்டு ஆல்பம், அதற்கொரு பெட்டி. பெட்டியைத் திறந்தால், தாலி கட்டும் படத்தில் பெண்ணின் முகம் வெள்ளை, கழுத்து கறுப்பு, மருதாணி வைத்த கை அதைவிடக் கறுப்பு. மூன்று பேரிடமிருந்து ஒவ்வொரு பாகம் கடன் வாங்கின மாதிரி. பக்கத்தில் நாதஸ்வரக்காரரை மட்டும் யாரும் தொடவில்லை. அவர் பணம் கொடுக்கிறவர் இல்லையே! ஆல்பத்திலேயே மனிதராகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் வாயைத் திறந்ததும் தங்கை முந்திக்கொண்டாள்: "நீ சும்மா இருண்ணே. பொண்ணு படத்துல கலரா இருந்தா உனக்கென்ன கஷ்டம்?"

'கலரா' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் பேச்சில் கலர் என்றால் வெளுப்பு. கறுப்பு ஒரு கலரே இல்லை. இதற்கு எந்த வெள்ளைக்காரனைக் குறை சொல்வது? கஸ்டமர் கேட்கிறார், நாங்கள் கொடுக்கிறோம் என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் கேட்டாளா? அவளிடம் தனியாகக் கேட்டேன். "எனக்கே யாரோ மாதிரி இருக்கு மாமா" என்றாள். காசு கொடுத்தவர் கேட்டார், முகத்துக்குச் சொந்தக்காரி கேட்கவில்லை. வரன் பார்க்கும் படத்தில் இதே வேலையைச் செய்து அனுப்பி, மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து பார்த்துவிட்டுக் காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிய கதைகள் நம் தெருக்களில் எத்தனை? அந்தப் பெண்கள் கறுப்பாக இருந்ததால் அவமானப்பட்டார்களா, படம் பொய்யாக இருந்ததால் அவமானப்பட்டார்களா?

"எடுக்கும்போது எப்படி இருந்தாலும் என்ன, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2-ஆம் படியில் விழுந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் 4-க்குத் தூக்கினால் தோல் வராது, புள்ளி புள்ளியாகச் சாம்பல்தான் வரும், சுடுகாட்டுச் சாம்பல் மாதிரி. அந்தச் சாம்பலை மறைக்க வழுவழுப்பாக்குவார்கள். வழுவழுப்பு பொம்மை மாதிரி இருக்கிறதே என்று கொஞ்சம் ரோஸ் கலர் சேர்ப்பார்கள். தூக்குகிற பையன் அந்தப் பெண்ணை நேரில் பார்த்தது கிடையாது. எங்கே நிறுத்துவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மேலேதான் போவான். பாஸ்போர்ட் படத்துக்கான சர்வதேச வழிகாட்டுதலே தோலின் நிறம் இயல்பாக இருக்க வேண்டும் என்கிறது. ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத அதிகாரிக்குக் காட்ட வேண்டிய உண்மை முகத்தைப் பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா?

நம் வயதுக்காரர்களுக்கு இது ஆல்பம் விவகாரம் மட்டும் இல்லை. கூடத்துச் சுவரில் மாலையோடு மாட்டப்போகும் படம் ஒன்று நமக்கும் இருக்கிறது. அது எந்தப் படம் என்பதை, போகிற அவசரத்தில், ஃபோனில் கிடைத்த ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து யாரோ ஒருவர் வெட்டித் தீர்மானித்துவிடுகிறார். முன்கூட்டியே ஒன்றை நல்லபடியாக எடுத்து வைத்துவிடுவது அபசகுனம் இல்லை. வீட்டில் இருக்கும் பேரனிடம் ஃபோனைக் கொடுங்கள். முதலில் அதிலுள்ள பியூட்டி சமாசாரங்களை அணைக்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. திரையில் உங்கள் கன்னத்தை விரலால் தொடச் சொல்லுங்கள். பெரும்பாலான ஃபோன்களில் ஒரு சின்னக் கட்டமும் பக்கத்தில் சூரியன் படமும் வரும். அந்தக் கட்டம்தான் ஏழைகளின் ஸ்பாட் மீட்டர். தொட்டவுடன் முகம் மாநிறத்துக்கு ஏறிவிடும். அப்போது சூரியனைக் கீழே இழுக்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் தினமும் பார்க்கிற நிறம் வரும்வரை. நீங்கள் சிவப்பாக இருந்தால் மேலே இழுக்க வேண்டும், அதுவும் அதே நியாயம்தான்.

போன மாதம் ஓ.டி. பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எனக்கொரு படம் எடுத்துக்கொண்டேன். பில் எழுதும்போது, அதன் மேலேயே 'முகத்தின் நிறத்தை மாற்றக் கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எடிட்டிங் வேணாம்னாலும் ரேட்டு அதேதான் சார்."

"முகத்துல அளந்து ஒரு ஸ்டாப் குறைச்சு எடுத்தா அம்பது ரூபா சேர்த்தே தரேன் தம்பி" என்றேன். அவன் கேமராவில் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. படம் நன்றாக வந்திருக்கிறது. ஐம்பது ரூபாயையும் கொடுத்துவிட்டேன்.